'தைத்தவர் பெயர்' என்ற ஒரு வரி போதாது

குயில்ட் போட்டிகளை நடத்தும் குழுவினருக்கும் அவற்றில் நடுவர்களாக அமர்பவர்களுக்கும்,

வணக்கம்.

என் அலமாரியில் ஒரு பரிசு ரிப்பன் இருக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியில் என் குயில்ட்டுக்கு, அதாவது துணித்துண்டுகளைச் சேர்த்து மூன்று அடுக்காகத் தைத்த போர்வைக்கு, முதல் பரிசாகக் கிடைத்தது. நடுவர் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டுத் தாளையும் அதோடு சேர்த்தே வைத்திருக்கிறேன். மூன்று அடுக்குகளையும் பிணைக்கும் தையல் மிகச் சீராக அமைந்திருக்கிறது, இறகு வடிவங்கள் அருமை என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த இறகுகளில் ஒன்றைக்கூட நான் தைக்கவில்லை.

துணிகளைத் தேர்ந்தெடுத்தது நான். வெட்டியதும், துண்டு துண்டாகச் சேர்த்து மேல்துணியைத் தைத்ததும், கடைசியில் சுற்றிலும் ஓரப்பட்டி வைத்ததும் நான். ஆனால் மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் இணைத்துத் தைக்கும் வேலையை லாங் ஆர்ம் என்னும் பெரிய குயில்ட் தையல் மிஷின் வைத்திருக்கும் ஒரு பெண்மணியிடம் கூலி கொடுத்துச் செய்து வாங்கினேன். விண்ணப்பப் படிவத்தில் 'தைத்தவர் பெயர்' என்று ஒரே ஒரு வரி இருந்தது. என் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சமாதானம் சொல்லி வருகிறேன். சமாதானம் ஆகவில்லை. அதனால்தான் இந்த மடல்.

கூலிக்குத் தைத்து வாங்குவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய கட்டிலுக்கான குயில்ட்டை வீட்டுத் தையல் மிஷினில் வைத்துப் போராடியவர்களுக்குத் தெரியும்: ஊசிக்கும் மிஷின் உடம்புக்கும் நடுவே இருக்கும் ஒரு சாண் இடைவெளியில் மொத்தப் போர்வையையும் சுருட்டித் திணிக்க வேண்டும். தோள் போய்விடும். லாங் ஆர்மில் துணி சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டு அசையாமல் கிடக்கும். மிஷினின் தலைதான் தண்டவாளத்தில் ஓடுவது போல அங்குமிங்கும் போகும். அதைக் கையால் ஓட்டி ஒரே அளவில் இறகு போடுவது பல ஆண்டுப் பயிற்சியில் வரும் தேர்ச்சி. இன்னொரு வகையில், வடிவத்தைக் கணினியில் ஏற்றிவிட்டால் மிஷினே தைத்துக்கொள்ளும். அதற்கும் துணியை நேராகப் பூட்டவும், நூல் இழுவிசையைச் சரிபார்க்கவும், பாபின் தீரும் நேரத்தைக் கணிக்கவும் ஆள் வேண்டும். இரண்டுமே வேலைதான், ஆனால் ஒரே வேலை அல்ல. உங்கள் படிவத்தில் அந்த ஒரு வரிக்குப் பதிலாக நான்கு வரிகள் இருந்தால் போதும்: மேல்துணியைத் தைத்தவர் யார், மூன்றடுக்கையும் பிணைத்தவர் யார், கையாலா, வீட்டு மிஷினிலா, கையால் ஓட்டிய லாங் ஆர்மிலா, கணினி ஓட்டியதா, வடிவம் சொந்தமா, விலைக்கு வாங்கிய மாதிரியா, பயிற்சி வகுப்பில் கற்றதா. இதை நிரப்ப இரண்டு நிமிடம் ஆகாது.

இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, இந்தக் கலையின் வரலாற்றிலேயே மிகப் பெரிய போட்டி சாட்சி சொல்கிறது. 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி சியர்ஸ் நிறுவனம் அமெரிக்கா முழுவதற்கும் ஒரு குயில்ட் போட்டி வைத்தது. பெருமந்தக் காலம், முதல் பரிசுத் தொகை பல குடும்பங்களின் ஆண்டு வருமானத்தை விட அதிகம். சுமார் 24,000 குயில்ட்டுகள் வந்து குவிந்தன. போட்டியாளர் தாமே செய்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. கென்டக்கி மாநிலத்தின் மார்கரெட் கேடன் முதல் பரிசு பெற்றார். அந்தக் குயில்ட் அப்போதைய அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு அன்பளிப்பாகப் போயிற்று. கேடன் அதில் ஒரு தையல்கூடப் போடவில்லை, கூலிக்கு அமர்த்திய வேறு பெண்கள்தான் முழுவதையும் தைத்தார்கள் என்பது பல்லாண்டுகளுக்குப் பிறகே ஊரறிய வெளிவந்தது. அந்தக் குயில்ட் இப்போது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. விதி என்னவோ தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் யார் எதைத் தைத்தார் என்று ஒவ்வொரு படியாக யாரும் கேட்டு எழுதி வாங்கவில்லை.

அதே போட்டியில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. கண்காட்சியின் கருப்பொருளான 'நூற்றாண்டு முன்னேற்றத்தை' வடிவமாக்கினால் கூடுதல் பரிசு உண்டு என்று விளம்பரம் செய்திருந்தார்கள். அதை நம்பிப் பலர் வானுயரக் கட்டடங்களையும் புதிய வாகனங்களையும் சொந்தமாக வரைந்து தைத்து அனுப்பினார்கள். உச்சப் பரிசுகள் பழைய பாணி வடிவங்களுக்கே போயின. அனுப்பியவர்கள் கொதித்ததில் வியப்பில்லை. கருப்பொருள் ஒன்றை அறிவிப்பது, வேறொன்றுக்கு மதிப்பெண் போடுவது என்ற இந்தப் பழக்கம் இன்றும் போய்விடவில்லை. எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற பட்டியலை, நடுவர் கையில் கொடுக்கும் அதே தாளை, விண்ணப்பத்தோடு எங்களுக்கும் கொடுங்கள்.

கையா, மிஷினா என்ற சண்டை உங்களுக்குப் பழகிப்போனது. 1989இல் பட்யூகா நகரில் அமெரிக்கக் குயில்ட்டர்கள் சங்கம் நடத்திய காட்சியில், கேரில் பிரையர் ஃபாலெர்ட் மிஷினில் தைத்த 'கரோனா 2: சூரிய கிரகணம்' ஒட்டுமொத்த முதல் பரிசை வென்றது. மிஷின் தையலுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. மிஷினில் தைத்தால் அது குயில்ட்டே அல்ல என்று சொன்னவர்கள் அன்று நிறையப் பேர். இன்று காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. பெரிய அரங்குகளில் கைத்தையல் ஒரு மூலைக்குப் போய்விட்டது. மிஷினில் நுணுக்கமாக நிரப்பிய பின்னணியை அருகில் மாட்டினால், கைத்தையல் பத்தடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வெறும் சுருக்கமாகத்தான் தெரியும். ஆகவே பிரிவைத் தனியாக வையுங்கள். பார்க்கும் முறையும் தனியாக இருக்கட்டும்.

கையால் தைப்பவர் ஊசியை மேலிருந்து நேராகக் குத்துவார். கீழே காத்திருக்கும் விரல்நுனியில் முனை பட்டதும் ஊசியைச் சாய்த்து மேலே ஏற்றுவார். விரலுறை மாட்டிய நடுவிரல் ஊசியின் பின்பக்கத்தை ஆட்டி ஆட்டித் தள்ளும். நான்கைந்து தையல் ஊசியில் ஏறிய பிறகுதான் நூலை இழுப்பார். அங்குலத்துக்கு 10 தையல் என்றால் பெருமைதான். ஆனால் தடித்த பஞ்சு வைத்தவருக்கு அந்த எண்ணிக்கை வராது; அதற்காக அவர் கை சளைத்தது என்று ஆகாது. நடுவர்கள் சிலர் அளவுகோலை வைத்து எண்ணிக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கையை விடுங்கள். தையலும் இடைவெளியும் ஒரே நீளத்தில் இருக்கின்றனவா, அடித்துணியிலும் அதே சீர் தெரிகிறதா, முடிச்சுகளை மேல்துணி வழியே 'டப்' என்று உள்ளே இழுத்துப் பஞ்சுக்குள் புதைத்திருக்கிறாரா என்று திருப்பிப் பாருங்கள். கைத்தையலின் யோக்கியதை முதுகில் இருக்கிறது.

இரண்டு முறை நடுவர் பக்கத்தில் அமர்ந்து குறிப்பெழுதும் தொண்டராக இருந்திருக்கிறேன். அந்த இரண்டு நாட்களில் கற்றது அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் கற்றதை விட அதிகம். இரண்டு பேர் குயில்ட்டை மேல்விளிம்பில் பிடித்துத் தூக்கி நிற்பார்கள். நடுவர் சற்றுத் தள்ளி நின்று முழுவதையும் பார்ப்பார். பிறகு நெருங்கி வந்து குனிவார். முதலில் விரல் போகும் இடம் மூலை. ஓரப்பட்டியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நெருடிப் பார்ப்பார். உள்ளே பஞ்சு முழுக்க நிரம்பியிருக்கிறதா, வெறும் துணி மட்டும் மடங்கிக் கிடக்கிறதா என்பது விரலுக்குத் தெரிந்துவிடும். மூலையில் பட்டி சாய்வாக மடிந்து சேரும் கோட்டைப் பிரித்துப் பார்ப்பார்; தைத்து மூடியிருந்தால் நல்லது. அப்படிப்பட்ட மூலை வேண்டுமென்றால், பட்டியைத் தைத்துக்கொண்டே வரும்போது மூலைக்குக் கால் அங்குலம் இருக்கும்போதே மிஷினை நிறுத்த வேண்டும். பட்டியை 45 பாகையில் மேல்நோக்கி மடித்து, பின் நேராகக் கீழே மடித்து, அடுத்த பக்கத்தை விளிம்பிலிருந்தே தைக்க வேண்டும். முனைவரை தைத்துவிட்டுத் திருப்பினால் மூலை உருண்டுவிடும். இதை எனக்கு எந்த வகுப்பும் சொல்லவில்லை. அந்த நடுவரின் விரல்கள் சொல்லின.

அன்று அந்த அறையில் பிடிக்காத ஒன்றும் நடந்தது. ஒரு குயில்ட்டைத் தூக்கியதும் பிடித்திருந்த தொண்டர் ஒருவர், "இது அவங்களுடையது தானே, இந்த நிறமெல்லாம் அவங்களைத் தவிர யார் போடுவாங்க" என்றார். நடுவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன் மூன்று குயில்ட்டுகளில் அவர் கண்டுபிடித்த அலையடிக்கும் ஓரம் அதிலும் இருந்தது. அதைப் பற்றி என்னை எழுதச் சொல்லவில்லை. முகவரிச் சீட்டைத் துணித்துண்டால் மூடி ஊசி குத்தித்தான் எல்லாவற்றையும் வைத்திருந்தார்கள். சீட்டை மூடினார்கள், வாயை மூடவில்லை. பிடிப்பவர்களும் குறிப்பெழுதுபவர்களும் போட்டியாளர்களை அறியாதவர்களாக இருக்கட்டும். அது முடியாவிட்டால் பேசாதவர்களாகவாவது இருக்கட்டும். இன்னொன்று: காலையில் முதலில் வந்த ஐந்தாறு குயில்ட்டுகளுக்கு நடுவர் கறாராகப் போட்டார்; பிற்பகலில் கை இளகிவிட்டது. மனித இயல்பு. கடைசியில், காலையில் முதலில் வந்த ஐந்தை மறுபடி ஒரு முறை தூக்கிக் காட்டுவது என்று விதி வைத்தால் சரியாகிவிடும்.

அலையடிக்கும் ஓரம் என்றேன் அல்லவா, மதிப்பீட்டுத் தாள்களில் அடிக்கடி வரும் குறை அது. வருவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றே. நீளமான துணியை மேல்துணியின் விளிம்போடு வைத்துத் தைத்துக்கொண்டே போய், முடிந்த இடத்தில் கத்தரித்துவிடுவார்கள். விளிம்பு இழுபட்டு எப்போதுமே நடுப்பகுதியை விடச் சற்று நீண்டிருக்கும்; மிஷினின் பல்லும் கீழே இருக்கும் துணியைக் கூடுதலாக இழுக்கும். ஓரம் சுவரில் மாட்டிய பிறகு கடலலை. அளவை விளிம்பில் எடுக்காமல் குயில்ட்டின் நடுவில் எடுத்து, அந்த நீளத்துக்கு முதலிலேயே பட்டையை வெட்டி, நடுப்புள்ளியையும் கால்புள்ளிகளையும் ஊசியால் பொருத்தித் தைத்தால் ஓரம் படுத்துக்கிடக்கும். தாளில் 'ஓரம் சமமாக இல்லை' என்று எழுதுவதற்கு ஆகும் அதே மையில் 'நடுவில் அளக்கவும்' என்று எழுதலாமே!

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தோற்றவர்களுக்கு உங்களிடமிருந்து கிடைப்பது அந்தத் தாள் மட்டும்தான். ஒரு முறை என் வெள்ளைக் குயில்ட் ஒன்று போட்டியிலிருந்து திரும்பியது. 'சுத்தம் போதாது' என்ற இரண்டே சொற்கள். நான் அனுப்பும்போது பளிச்சென்றுதான் இருந்தது. அரங்கில் யாரோ தொட்டு அழுக்காக்கிவிட்டார்கள் என்று தொண்டர்களைத் திட்டித் தீர்த்தேன். உண்மை என்ன தெரியுமா? தையலுக்குக் கோடு போட நீரில் அழியும் நீல மையைப் பயன்படுத்தியிருந்தேன். ஈரத்துணியால் ஒற்றியெடுத்ததும் கோடு மறைந்தது. மை போய்விடவில்லை, பஞ்சுக்குள் இறங்கி ஒளிந்துகொண்டது. காயக் காய மறுபடி மேலே ஏறி வந்துவிட்டது. முழுக்குயில்ட்டையும் குளிர்ந்த நீரில் முக்கி அலசியிருக்க வேண்டும். அதற்கு முன் இஸ்திரிப் பெட்டியை அருகில் கொண்டுபோயிருக்கவே கூடாது, சூடு பட்டால் அந்த மை நிரந்தரமாகிவிடும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. 'நீல மை திரும்பியிருக்கிறது' என்று எழுதியிருந்தால் ஒரு மாலையில் தெரிந்திருக்கும். பாவம், அந்தத் தொண்டர்களும் திட்டு வாங்கியிருக்க மாட்டார்கள்.

அளவுகளுக்கும் இது பொருந்தும். 'முனைகள் சேரவில்லை' என்று பலருக்கும் எழுதுகிறீர்கள். கால் அங்குலம் விட்டுத்தான் தைத்தேனே என்று அவர் குழம்புவார். நூலின் தடிமனும் துணியின் மடிப்பும் தின்றுகொள்வதால், கால் அங்குலத்துக்கு ஒரு நூலளவு குறைவாகத்தான் விட வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு வீசம் (1/16) அங்குலம் கூடுதலாகப் பிடித்தால் ஒரு தையலுக்கு அரைக்கால் (1/8) அங்குலம் போகும். வரிசைக்கு மூன்று துண்டுகள் கொண்ட கட்டங்கள் பத்தை அடுக்கினால் 29 தையல்கள். மூன்றரை அங்குலத்துக்கு மேல் காணாமல் போய்விடும். ஒரு கட்டத்தில் கண்ணுக்கே தெரியாத பிழை இது. மூன்று துண்டுகளைத் தைத்துப் பார்த்து நடுத்துண்டை அளந்தால் முதல் நாளே பிடிபட்டுவிடும். முக்கோணங்களின் முனை மழுங்குவதும் இப்படித்தான். தனித்தனி முக்கோணமாக வெட்டினால் சாய்வெட்டு விளிம்பு கையோடு இழுபடும். இரண்டு சதுரங்களை முகத்தோடு முகம் வைத்து, மூலைவிட்டம் வரைந்து, கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, பிறகு கோட்டில் வெட்டினால் இரண்டு கட்டங்கள் கிடைக்கும். மூன்று அங்குலக் கட்டம் வேண்டுமென்றால் நான்கு அங்குலச் சதுரத்தில் தொடங்கி, தைத்த பிறகு மூன்றரைக்குச் செதுக்குங்கள்; மிச்ச அரை அங்குலம் சுற்றியுள்ள தையலுக்குள் போய்விடும். துணி கொஞ்சம் வீணாகும், முனை வீணாகாது.

ஆனால் முனை சேர்வதே எல்லாக் குயில்ட்டுக்கும் வேதம் அல்ல. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் ஊர்ப் பெண்கள் பழைய வேலை உடைகளைக் கிழித்துத் தைத்தவற்றில் நேர்கோடு தேடினால் கிடைக்காது. 2002இல் அவை ஹியூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரேறின. கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்தி இனப் பெண்களின் கவந்தி என்னும் ஒட்டுத்துணிப் போர்வை வெளி ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிக் கையாலேயே தைக்கப்படுவது. கட்டம் என்பதே அதில் இல்லை, மூலைகளில் முக்கோண மடிப்புகள் துருத்திக்கொண்டு நிற்கும். உங்கள் வழக்கமான தாளை வைத்து இவற்றை மதிப்பிட்டால் மூலைக்குப் பூஜ்யம், கோட்டுக்குப் பூஜ்யம். மதிப்பெண் தாளே தவறான கேள்வியைக் கேட்கிறது என்று அர்த்தம். இத்தகைய வேலைகளுக்குத் தனிப் பிரிவும், அதை அறிந்த ஒரு நடுவரும் வையுங்கள். நடுவர் கிடைக்கவில்லை என்றால் போட்டியில் சேர்க்காமல் காட்சிக்கு மட்டும் வையுங்கள். அது அவமதிப்பு ஆகாது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொடக்கநிலைப் பிரிவில் இரண்டு முறை பரிசு வாங்கியவரை மேலே ஏற்றுங்கள். ஏழாண்டாகத் தொடக்கநிலையிலேயே இருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும், அவர் கைத்தேர்ச்சி என்னைவிட மேல். பார்வையாளர் விருதுக்கு அரங்குக்குள் வந்தவர்கள் மட்டும் வாக்களிக்கட்டும். சொந்தக்காரர்களைத் திரட்டுவதில் நான் பின்தங்கியவள். நடுவரிடம் பாடம் கற்ற மாணவி போட்டியிட்டால், அந்தப் பிரிவில் அந்த நடுவர் ஒதுங்கிக்கொள்ளட்டும். குயில்ட்டைத் திருப்பி அனுப்பும்போது ஒரே மடிப்பில் வாரக்கணக்கில் வைக்காதீர்கள், மடிப்புக் கோடு பஞ்சில் நிலைத்துவிடும்; துணியுறைக்குள் உருட்டி வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம்.

என் ரிப்பனைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று அந்தப் போட்டியை நடத்தியவர்களிடம் கேட்டேன். விதியை மீறவில்லை, வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சரிதான், விதியில் அப்படி ஒன்றும் இருக்கவில்லை. போன வாரம் அந்தக் குயில்ட்டின் பின்பக்கச் சீட்டைப் பிரித்தெடுத்துவிட்டு, பெரிதாக ஒன்று வெட்டி, என் பெயருக்குக் கீழே அந்தப் பெண்மணியின் பெயரையும் அவர் செய்த வேலையையும் எழுதிச் சுற்றிலும் மறைவுத் தையல் போட்டேன். அவரிடம் படம் எடுத்துக் காட்டியபோது, "இறகில் மூன்றாவது வளைவு கொஞ்சம் சப்பையாகிவிட்டது, நடுவர் கவனிக்கவில்லையா?" என்று கேட்டார்.

புதிதாக ஒன்று முக்கால்வாசி முடிந்திருக்கிறது. மேல்துணி என்னுடையது, இணைப்புத் தையல் மறுபடியும் அவருடையது. படிவத்தை மாற்றினீர்கள் என்றால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். இருவரும் சேர்ந்து நிரப்பி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
மேல்துணியை மட்டும் தைத்த ஒருத்தி